டிஜிட்டல் காலத்தில் நிறுவன நிதிகளின் ரியல் எஸ்டேட் முதலீடு: எந்த அடுக்கை வாங்குகிறோம்?

ஓய்வூதிய நிதி ஒன்றின் முதலீட்டுக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒருவரின் கேள்வி இது. "எங்கள் நிதியில் பத்தில் ஒரு பங்கு ரியல் எஸ்டேட்டில் இருக்கிறது. அதில் பெரும்பகுதி அலுவலகக் கட்டடங்களும் வணிக வளாகங்களும்தான். வேலையும் வியாபாரமும் திரைக்குள் போய்விட்ட காலத்தில் இவற்றை விற்றுவிட்டுத் தரவு மையங்களுக்கும் கிடங்குகளுக்கும் மாறிவிடலாமா? கட்டடத்தின் உரிமையைச் சிறு துண்டுகளாக்கி இணையத்தில் விற்கும் டோக்கன்களாக வாங்கலாம் என்கிறார்களே, அது எங்களைப் போன்ற நிதிக்குப் பொருந்துமா?"

முழுவதுமாக மாறுவது தவறு என்பதும், டோக்கன் இப்போதைக்கு உங்களுக்கானதல்ல என்பதும் என் சுருக்கமான பதில். ஆனால் "எந்த வகைக் கட்டடம்" என்று கேட்டுக்கொண்டிருக்கும் வரை சரியான முடிவுக்கு வர முடியாது. ஒரு கட்டடத்தை வாங்கும்போது அதன் எந்த அடுக்குக்குப் பணம் கொடுக்கிறோம் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஓய்வூதிய நிதிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அரசு முதலீட்டு நிதிகளும் கட்டடங்களைத் தேடி வந்ததன் காரணத்தை முதலில் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். கடன் பத்திரத்தைப் போல முறையாக வரும் வருமானம், விலைவாசியோடு ஓரளவு சேர்ந்து உயரும் வாடகை, பங்குச் சந்தையைப் போல நாள்தோறும் ஆடாத மதிப்பு ஆகிய மூன்றும்தான் அவர்களை ஈர்த்தன. அமெரிக்காவில் 1960-இல் ரீட் (கட்டடங்களை வைத்திருந்து, அவற்றின் வாடகையைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் நிறுவன அமைப்பு) சட்டம் வந்ததன் நோக்கம் பெரிய கட்டடங்களின் வாடகையைச் சிறு முதலீட்டாளருக்கும் கொண்டுசேர்ப்பது. வரிக்குரிய வருமானத்தில் குறைந்தது 90 சதவீதத்தை ஈவுத்தொகையாகப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது இன்றும் அங்கே அதன் அடிப்படை விதி. எண்ணெய்ப் பணத்தைப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் மட்டுமே வைத்திருந்த நார்வேயின் அரசு நிதி 2010-இல் தன் முதல் ரியல் எஸ்டேட் ஒப்பந்தத்தைச் செய்தபோது தேர்ந்தெடுத்தது லண்டன் ரீஜென்ட் தெருக் கட்டடங்களின் 25 சதவீத உரிமையை. இவர்கள் எல்லோரும் விலை கொடுத்து வாங்கியது, உண்மையில், மெதுவான மாற்றத்தை. நூறாண்டு நிற்கும் தெரு, பதினைந்தாண்டு ஓடும் குத்தகை, ஆண்டுக்கொருமுறை வரும் மதிப்பீட்டாளர் என்று எல்லாமே நிதானமாக நடந்தன. டிஜிட்டல்மயம் கை வைத்திருப்பது இந்த நிதானத்தின் மேல்தான்.

கட்டடம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதைப் பிரித்துப் பாருங்கள். அடியில் இருக்கும் மண்ணுக்கு ஆயுள் முடிவதில்லை. அதன் மேல் நிற்கும் சுவரும் தூணும் ஐம்பது, அறுபது ஆண்டுகள் தாங்கும். குளிரூட்டும் இயந்திரம், மின்தூக்கி, ஜெனரேட்டர் போன்றவற்றை இருபது ஆண்டுக்குள் மாற்ற வேண்டியிருக்கும். அவற்றுக்குள் இயங்கும் கணினிகள் நாலைந்து ஆண்டில் பழசாகிவிடும். இவை எல்லாவற்றுக்கும் மேல் குத்தகை ஒப்பந்தம் என்ற காகித அடுக்கு ஒன்று இருக்கிறது. அதன் ஆயுள் ஒரு மாதமாகவும் இருக்கலாம், இருபது ஆண்டாகவும் இருக்கலாம். முன்பெல்லாம் இந்த அடுக்குகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் முதிர்ந்ததால் அவற்றைப் பிரித்து விலை போட வேண்டிய தேவை எழவில்லை. இப்போது ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் முதிர்கிறது. "மண்ணில் போட்ட பணம் மோசம் போகாது" என்ற நம்பிக்கை மண் அடுக்குக்குப் பெரும்பாலும் பொருந்தும். மேலே உள்ளவற்றுக்கு அதை நீட்டிக்கும்போதுதான் நிதிகள் அடிபடுகின்றன.

தரவு மையத்திலிருந்து தொடங்குகிறேன். முதன்முறை ஒன்றை ஆய்வுக்காகப் பார்க்கப் போனபோது, வரிசை வரிசையாக மினுக்கும் கணினிகளைத்தான் காட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அந்தக் கூடத்தில் நின்றது பத்து நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் மின்மாற்றிகளையும், பேருந்து அளவுக்கு நின்ற ஜெனரேட்டர்களையும், டீசல் தொட்டிகளையும், தளம் முழுக்க அடுக்கியிருந்த மின்கலங்களையும், கூரையில் இரைந்துகொண்டிருந்த குளிரூட்டும் கருவிகளையும் சுற்றிக் காட்டினார்கள். கூட வந்த மதிப்பீட்டாளர் தன் படிவத்தில் இருந்த "சதுர அடி" என்ற கட்டத்தை அடித்துவிட்டு "மெகாவாட்" என்று கையால் எழுதினார். அந்தத் தொழிலில் வாடகையே மாதத்துக்கு, கிலோவாட்டுக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படுகிறது. அங்கே மனையின் மதிப்பு என்பது, பெருமளவு, அந்த மனைக்கு வந்து சேரும் மின்சாரத்தின் மதிப்புதான்.

பெரிய நிதிகள் இதை வெகு சீக்கிரம் கண்டுகொண்டன. செல்பேசிக் கோபுரங்களை வைத்திருக்கும் அமெரிக்கன் டவர் 2012-லும், தரவு மையங்களை நடத்தும் எக்வினிக்ஸ் 2015-லும் ரீட் அமைப்புக்கு மாறின. பெரிய முதலீட்டு மேலாண்மை நிறுவனமான பிளாக்ஸ்டோன் 2021-இல் கியூடிஎஸ் என்ற தரவு மைய நிறுவனத்தைச் சுமார் 1,000 கோடி டாலருக்கு வாங்கியது. கனடாவின் ஓய்வூதிய நிதியோடு சேர்ந்து 2024-இல் ஏர்டிரங்க் என்ற இன்னொரு தரவு மைய நிறுவனத்துக்கு 2,400 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் விலை வைத்தது. காரணம் எளிது. மேகக் கணிமை (இணையம் வழியே கணினித் திறனை வாடகைக்கு விடும் தொழில்) நடத்தும் ஒரு பெரிய நிறுவனம் முழுக் கட்டடத்தையும் எடுத்துக்கொண்டால் ஒப்பந்தம் பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டுகள் ஓடும். வாடகைதாரரின் கடன் தகுதியோ பல நாடுகளின் தகுதியைவிட மேலானது. நிதிகள் நெடுங்காலமாகத் தேடிக்கொண்டிருந்த, கடன் பத்திரம் போன்ற வருமானம் அதில் கிடைத்தது.

ஆனால் மின்சாரம்தான் மதிப்பு என்றால் மின்சாரம்தான் ஆபத்தும். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2024-இல் உலகத் தரவு மையங்கள் செலவிட்டது சுமார் 415 டெராவாட் மணி. உலக மின் பயன்பாட்டில் அது ஏறக்குறைய ஒன்றரை சதவீதம். 2030-க்குள் இது இரட்டிப்புக்கும் மேலாகி 945-ஐ எட்டலாம் என்று அதே முகமை கணித்திருக்கிறது. ஒன்றரை சதவீதம்தானே என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது. ஏனெனில் சுமை உலகெங்கும் பரவாமல் சில இடங்களில் குவிகிறது. அயர்லாந்தில் 2015-இல் 5 சதவீதமாக இருந்த தரவு மையங்களின் மின் பயன்பாடு 2023-இல் 21 சதவீதமாகி, நகர்ப்புற வீடுகள் அனைத்தும் சேர்ந்து செலவிடுவதையே தாண்டிவிட்டது. டப்ளின் வட்டாரத்தில் புதிய இணைப்புக் கிடைப்பதே அரிதானது. சிங்கப்பூர் 2019-இல் புதிய மையங்களை நிறுத்திவைத்து, 2022-இல்தான் கடும் நிபந்தனைகளோடு கதவைத் திறந்தது. இப்படிப்பட்ட இடத்தில் ஏற்கெனவே இணைப்புப் பெற்ற மனைக்குத் தட்டுப்பாட்டு விலை கிடைக்கும். இணைப்புக்காக வரிசையில் நிற்கும் மனையோ, ஆவணத்தில் என்ன பெயர் போட்டிருந்தாலும், வெறும் காலி நிலம்தான். இரண்டையும் "தரவு மைய முதலீடு" என்ற ஒரே தலைப்பின் கீழ் நிதி மேலாளர்கள் விற்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இயந்திர அடுக்கு முதிரும் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்வரை கணினிகளை வைக்கும் ஓர் அலமாரிக்கு (ரேக்) ஐந்து முதல் பத்து கிலோவாட் போதுமென்று கட்டடங்களை வடிவமைத்தார்கள். காற்றை ஊதிக் குளிர்விப்பது போதுமானதாக இருந்தது. செயற்கை நுண்ணறிவுக்கான இன்றைய அலமாரி ஒன்றே நூறு கிலோவாட்டுக்கு மேல் இழுக்கிறது. அதைத் திரவத்தால்தான் குளிர்விக்க முடியும், தளமும் கூடுதல் எடையைத் தாங்க வேண்டும். பதினைந்தாண்டு ஒப்பந்தம் முடிந்து வாடகைதாரர் வெளியேறும் நாளில் உங்கள் கையில் எஞ்சுவது என்ன என்று கேட்டுப் பாருங்கள். நல்ல மின் இணைப்புள்ள நிலம் நிச்சயம் எஞ்சும். அதன் மேல் நிற்கும் கட்டடத்துக்கு எதுவும் கிடைக்காமலும் போகலாம். ஆகவே கணக்குத் தாளின் கடைசி வரியில், பதினைந்தாம் ஆண்டு விற்பனை விலை என்று மேலாளர் போட்டிருக்கும் எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மொத்த இலாபத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரே எண்ணிலிருந்து வருகிறது என்றால், அது வாடகையை நம்பிய முதலீடல்ல, தொழில்நுட்பத்தின் மேல் கட்டிய பந்தயம். போதாக்குறைக்கு வாடகைதாரர்கள் ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்குகிறார்கள். அவர்களே சொந்தமாகவும் கட்டிக்கொள்கிறார்கள். தேவை குறைந்தால் அவர்கள் முதலில் விடுவது வாடகை இடத்தைத்தான்.

கிடங்குகளில் இதற்கு ஒரு சிறு ஒத்திகையே நடந்துவிட்டது. இணைய வணிகம் ஒரே அளவு விற்பனைக்குக் கடைவழி வணிகத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கிடங்கு இடத்தை எடுத்துக்கொள்கிறது என்று, உலகின் மிகப்பெரிய கிடங்கு உரிமையாளரான புரோலாஜிஸ் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. சொல்பவர் கிடங்குக்காரர் என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் காரணத்தில் நியாயம் இருக்கிறது. சரக்கு வகைகள் அதிகம், திரும்பி வரும் பொருள்கள் அதிகம், ஒவ்வொரு பொட்டலமும் தனித்தனியாகக் கட்டப்பட வேண்டும். இந்தக் கணக்கை நம்பித்தான் பிளாக்ஸ்டோன் 2019-இல் ஜிஎல்பி நிறுவனத்தின் அமெரிக்கக் கிடங்குகளை 1,870 கோடி டாலருக்கு வாங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் வாடகை எகிறியது. 2022 வசந்தத்தில் தேவைக்கு அதிகமாக இடம் எடுத்துவிட்டோம் என்று அமேசான் வெளிப்படையாகச் சொன்னதும் கிடங்கு ரீட் பங்குகள் சரிந்தன. கிடங்குகள் அதனால் அழிந்துவிடவில்லை. ஊருக்கு அருகில் இருந்தவை வேறு வாடகைதாரரைக் கண்டுகொண்டன. ஏனென்றால் கிடங்கில் மண் அடுக்கின் பங்கு பெரிது, இயந்திர அடுக்கின் பங்கு சிறிது. நான்கு சுவரும் உயரமான கூரையும் எவருக்கும் பயன்படும். அதனால் உங்கள் நிதிக்குப் புதிதாக எதையாவது சேர்க்க வேண்டும் என்றால், தரவு மையத்துக்கு முன் நகரை ஒட்டிய கிடங்கைத்தான் சொல்வேன். அதற்குக் கூட்டம் கூடிப் பேசுமளவு கவர்ச்சி இல்லை என்பது வேறு விஷயம்.

அலுவலகங்களின் சிக்கல் காகித அடுக்கில் இருக்கிறது. வீவொர்க் நிறுவனத்தின் கதை அதற்குப் பாடப்புத்தக எடுத்துக்காட்டு. கட்டட உரிமையாளர்களோடு நீண்ட காலக் குத்தகை போட்டு, அதே இடத்தை மாதக் கணக்கில் மற்றவர்களுக்கு விட்டது. 2019-இல் அதன் மதிப்பு 4,700 கோடி டாலர் என்று பேசப்பட்டபோது, அது கட்டவேண்டியிருந்த எதிர்காலக் குத்தகைத் தொகையும் ஏறக்குறைய அதே அளவாக இருந்தது. அந்த ஆண்டே பங்கு வெளியீடு கைவிடப்பட்டது. 2023 நவம்பரில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. செயலியும் வண்ண நாற்காலிகளும் எத்தனை இருந்தாலும், நீண்ட கடப்பாட்டைக் குறுகிய வருமானத்தால் சமாளிக்கும் பழைய ஆபத்துதான் அது. வேடிக்கை என்னவென்றால், அந்த நிறுவனத்தைக் கேலி செய்த பல நிதிகளின் அலுவலகக் கட்டடங்களும் இன்று மெல்ல அதே இடத்துக்குத்தான் வந்துகொண்டிருக்கின்றன. பத்தாண்டு கையெழுத்திட்டவர்கள் ஐந்தாண்டு கேட்கிறார்கள். ஐந்தாண்டு கேட்டவர்கள் நடுவில் விலகும் உரிமையோடு மூன்றாண்டு கேட்கிறார்கள்.

இங்கே டிஜிட்டல் கருவிகள் உண்மையாகவே உதவும் ஓரிடம் இருக்கிறது. ஒரு கட்டடத்தின் வாடகைப் பட்டியல் 94 சதவீதம் நிரம்பியிருப்பதாகக் காட்டியது. விற்பவரும் அதைத்தான் முன்னிறுத்தினார். நுழைவாயில் அட்டைப் பதிவை ஓராண்டுக்குக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். செவ்வாய், புதன், வியாழனில்தான் ஆள் நடமாட்டம். இரண்டு பெரிய வாடகைதாரர்கள் எடுத்திருந்த ஐந்து தளங்களில் மூன்றில் எந்த நாளிலும் இருபது பேருக்கு மேல் வரவில்லை. மின்சார மீட்டரின் மணிவாரிப் பதிவும் அதையே சொன்னது. குத்தகை முடிய இன்னும் இரண்டரை ஆண்டு இருந்தது. வாடகைப் பட்டியலின்படி அந்தக் கட்டடம் நிறைந்திருந்தது. கதவும் மீட்டரும் அது பாதி காலியாகிவிட்டதை முன்கூட்டியே சொல்லிவிட்டன. எந்தச் செயற்கை நுண்ணறிவும் அதற்குத் தேவைப்படவில்லை. பதிவைக் கேட்கத் தோன்ற வேண்டும், விற்பவர் தயங்கினால் விடாமல் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கட்டடத்தின் ஆற்றல் பயன்பாடு இப்போது சட்டத்தின் பார்வையிலும் இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸில் ஆற்றல் சிக்கனத் தரவரிசையில் ஈ நிலைக்குக் கீழே உள்ள வணிகக் கட்டடத்தை, விலக்குப் பெறாதவரை, 2023 ஏப்ரலிலிருந்து தொடர்ந்து வாடகைக்கு விட முடியாது. நியூயார்க்கில் பெரிய கட்டடங்களின் கரிம வெளியீட்டுக்கு 2024 முதல் உச்சவரம்பு வந்துவிட்டது.

தரவு பெருகினால் மதிப்பீடு துல்லியமாகிவிடும் என்ற நம்பிக்கையில் மட்டும் சற்று நிதானம் வேண்டும். வீட்டு விலைகளைப் பற்றி எவரைவிடவும் அதிகத் தகவல் வைத்திருந்த அமெரிக்க வீட்டு விற்பனை இணையதளமான ஸில்லோ, தன் அல்காரிதம் சொன்ன விலைக்குத் தானே வீடுகளை வாங்கி விற்க இறங்கியது. 2021 நவம்பரில் ஒரே காலாண்டில் 30 கோடி டாலருக்கு மேல் மதிப்பிழப்பைக் கணக்கில் எழுதிவிட்டு அந்தத் தொழிலையே மூடியது. பல வீடுகளின் சராசரி விலையை ஓரளவு சரியாகச் சொல்வது ஒன்று. இந்த ஒரு வீட்டை இந்த வாரம் எனக்கு விற்பவர் ஏன் விற்கிறார் என்று அறிவது வேறொன்று. வாடகையை நிர்ணயிக்கும் மென்பொருள்களில் இன்னொரு சிக்கல். ரியல்பேஜ் நிறுவனத்தின் மென்பொருள் போட்டி நில உரிமையாளர்களின் தரவைச் சேர்த்து வாடகையை உயர்த்த உதவியது என்று அமெரிக்க நீதித்துறை 2024 ஆகஸ்டில் வழக்குத் தொடுத்தது. குடியிருப்புகளில் முதலீடு செய்யும் நிதி, தன் மேலாளர் எந்த மென்பொருளின் சொல் கேட்டு வாடகை போடுகிறார் என்பதையும் இனிமேல் கேட்டாக வேண்டும்.

மதிப்பீட்டின் மந்தம் உங்களைப் போன்ற குழுக்களை எப்படி ஏமாற்றும் என்பதற்கு 2022-ஐவிடத் தெளிவான ஆண்டு இல்லை. வட்டி ஏறிய அந்த ஆண்டில் அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ரீட்களின் குறியீடு சுமார் 25 சதவீதம் விழுந்தது. மதிப்பீட்டாளர்களின் எண்களைக் கொண்டு கணக்கிடப்படும் தனியார் கட்டடங்களின் குறியீடு அதே ஆண்டில் 5 சதவீதத்துக்கு மேல் ஏறியதாகக் காட்டியது. இரண்டிலும் இருப்பவை ஏறக்குறைய ஒரே மாதிரியான கட்டடங்கள்தான். ஆண்டுக்கு நிகர வருமானம் 5 தரும் கட்டடத்தைச் சந்தை 5 சதவீத வருமானம் போதுமென்று பார்த்தால் அதன் விலை 100. வட்டி ஏறியபின் 6.5 சதவீத வருமானம் வேண்டுமென்று கேட்டால் அதே கட்டடத்தின் விலை 77. வாங்கும்போது பாதியைக் கடனாக எடுத்திருந்தால் உங்கள் சொந்தப் பணம் 50-லிருந்து 27 ஆகிவிடும். வாடகையில் ஒரு காசு குறைந்திருக்காது. இந்த இடைவெளியைச் சில முதலீட்டாளர்கள் கண்டுகொண்டு பழைய விலையில் வெளியேற முயன்றதால்தான் பிளாக்ஸ்டோனின் பட்டியலிடப்படாத ரீட் 2022 இறுதியிலிருந்து 2024 தொடக்கம் வரை பணம் எடுப்பதை மாதத்துக்கு 2 சதவீதம், காலாண்டுக்கு 5 சதவீதம் என்ற வரம்புக்குள் வைத்திருந்தது. பிரிட்டனில் நாள்தோறும் பணம் எடுக்கலாம் என்று விற்கப்பட்ட கட்டட நிதிகள் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவது பற்றிய 2016 பொது வாக்கெடுப்புக்குப் பின்னும் 2020 மார்ச்சிலும் கதவை அடைத்தன. திரையில் விலை நொடிக்கு நொடி தெரிவதும், கட்டடத்தை நொடியில் விற்க முடிவதும் ஒன்றல்ல.

டோக்கன் பற்றிய கேள்விக்கும் இதிலேயே பாதி விடை இருக்கிறது. 2018-இல் ஆஸ்பென் நகரின் செயின்ட் ரீஜிஸ் விடுதியின் உரிமையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானதை டோக்கன்களாக விற்று 1.8 கோடி டாலர் திரட்டினார்கள். தொழில்நுட்பம் வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் டோக்கன் வைத்திருப்பவரிடம் இருப்பது, பெரும்பாலும், கட்டடத்தை வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் பங்குதான். பத்திரப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்காது. வில்லங்கம் வந்தால் நீதிமன்றம் பார்ப்பது பதிவேட்டையே தவிர, டோக்கன்கள் பதிவாகும் பிளாக்செயின் என்ற டிஜிட்டல் பேரேட்டை அல்ல. சுவீடனின் நிலப் பதிவுத் துறை 2016 முதல் பிளாக்செயினைச் சோதித்துப் பார்த்தது. அப்படிப் பதிவேடே மாறினால்தான் கதை மாறும். தவிரவும், துண்டாக்கினால் சிறு முதலீட்டாளருக்கு வாசல் திறக்கும். உங்கள் நிதிக்கோ முழுக் கட்டடம் வாங்கவே பணம் இருக்கிறது. வாடகைதாரரோடு பேரம் பேசவும், மேலாளரை மாற்றவும், விற்கும் நாளைத் தீர்மானிக்கவும் உரிய கட்டுப்பாட்டைத் துண்டுக்காக விட்டுக்கொடுப்பதில் உங்களுக்கு என்ன ஆதாயம் என்று எனக்குப் புரியவில்லை.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். எதையும் விற்பதற்கு முன் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மூன்று தாள்களை மேலாளரிடம் கேளுங்கள்: குத்தகைகள் முடியும் தேதிகளும் விலகல் உரிமைகளும், ஓராண்டின் நுழைவு மற்றும் மின் பதிவு, மின்வாரியம் அனுமதித்த உச்ச மின்சுமையும் நிலத்தின் அனுமதிக்கப்பட்ட பயன்பாடும். முதலிரண்டும் காகித அடுக்கின் நிலையைக் காட்டும். மூன்றாவது மண்ணின் நிலையைக் காட்டும். காகிதம் பலவீனமாகவும் மண் பலமாகவும் உள்ள கட்டடத்தை அலுவலக விலையில் அவசரமாகத் தள்ளிவிடக் கூடாது. வாடிக்கையாளர் வரத்து குறைந்து நீங்கள் முதலில் கழித்துக்கட்ட நினைக்கும் ஒரு பழைய வணிக வளாகம் உங்கள் பட்டியலில் நிச்சயம் இருக்கும். பெரிய மின் இணைப்பு, அகலமான சாலை, சரக்கு வண்டி வந்து திரும்பும் இடம், பரந்த வாகன நிறுத்துமிடம் என்று அதைக் கட்டியவர்கள் அன்று செலவு செய்து வாங்கிவைத்த அனுமதிகளையெல்லாம், இன்று புதிதாகக் கிடங்கு கட்ட வருபவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்க வேண்டியிருக்கிறது. அந்த வளாகத்தின் கோப்பை முதலில் எடுத்துப் பாருங்கள்.